கண்ணீர் அஞ்சலி வைத்த அப்பாவுக்கு

கேள்வி: எனக்கு வயது 67. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மகன், ஒரு மகள். எட்டு வருடத்துக்கு முன் மகள் எங்கள் சம்மதம் இல்லாமல் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கோவைக்குப் போய்விட்டாள். அப்போது இருந்த கோபத்தில் சில காரியங்கள் நடந்துவிட்டன. ‘எங்களுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று பேப்பரில் அறிவிப்பு கொடுத்தோம். ஊரார் பேச்சைக் கேட்டு, பஸ் ஸ்டாப்பில் அவள் போட்டோவோடு கண்ணீர் அஞ்சலி பேனரும் வைக்கப்பட்டது. வீட்டையும், என் அப்பா வழியில் வந்த ஒன்றரை ஏக்கரையும் மகன் பேருக்கு உயில் எழுதிவிட்டேன்.

இப்போது என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மகளைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் என் தம்பியை விட்டு ‘அம்மா சீரியஸ்’ என்று போன் பண்ணச் சொன்னோம். உடனே வந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் என் மகன் சத்தம் போட்டதில் திரும்பிப் போய்விட்டாள். அதிலிருந்து போனை எடுப்பதில்லை. அந்தப் பையனையும் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பியும் பதில் இல்லை. பேத்திக்கு ஆறு வயதாம், ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பெற்ற தாயைப் பார்க்க வராத அளவுக்குக் கல்மனசா? பேப்பர் அறிவிப்பை ரத்து செய்ய வேண்டுமா? சொத்தில் பங்கு தருகிறேன் என்றால் வருவாளா? ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீசில் மனு கொடுத்தால் கூப்பிட்டுச் சேர்த்துவைப்பார்கள் என்கிறார் ஓர் உறவினர். என்ன செய்யலாம்?

(பெயர், ஊர் தவிர்க்கப்பட்டுள்ளன.)

பதில்:

அன்புள்ள ஐயா,

சட்டக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். இருப்பதில் சுலபமானவை அவைதான்.

பேப்பர் அறிவிப்பால் உங்கள் மகள் உங்கள் வாரிசு இல்லை என்று ஆகிவிடவில்லை. பெற்ற பிள்ளையை விளம்பரம் கொடுத்து நீக்குகிற ஏற்பாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கிடையாது. எனவே ரத்து செய்யவும் ஒன்றும் இல்லை. சாதியை விட்டு விலக்கப்பட்டதைக் காரணம் காட்டி ஒருவருடைய சொத்துரிமையைப் பறிக்க முடியாது என்று 1850-லேயே, கம்பெனி ஆட்சியிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். உயில் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றக்கூடியது. வீடு உங்கள் சொந்தச் சம்பாத்தியம் என்றால் யாருக்கு எழுதுவது என்பது உங்கள் இஷ்டம். நிலம் அப்படி இல்லாமலிருக்கலாம். தலைமுறையாகப் பாகம் பிரிக்காமல் வருகிற கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால், 2005-ஆம் ஆண்டுத் திருத்தப்படி மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் பிறப்பிலேயே உண்டு. 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. அவள் பங்கை உங்கள் உயில் தொடாது. உங்கள் அப்பா சுயமாக வாங்கி, அவர் காலத்துக்குப் பின் உங்களுக்கு வந்ததென்றால் கணக்கு வேறு. பத்திரங்களை ஒரு சிவில் வக்கீலிடம் காட்டுங்கள்.

ஆர்டிஓ மனு வேண்டாம். உறவினர் சொல்வது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். தன் வருமானத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்பதற்கானது அது. மகளும் அதில் அடக்கம் என்பது உண்மை. சமரச அலுவலர் என்று ஒருவர் இருப்பதும் உண்மை. ஆனால் அங்கே பேசப்படுவது பணம். நீங்கள் ஓய்வூதியம் வாங்குகிறவர், உங்களுக்குப் பணம் பிரச்சினையும் இல்லை. ‘வா, வந்து அம்மாவைப் பார்’ என்று உத்தரவு போட எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை. எட்டு வருடம் கழித்து அப்பாவிடமிருந்து அவளுக்கு வருகிற முதல் காகிதம் ஆர்டிஓ ஆபீஸ் முத்திரை குத்திய சம்மனாக இருக்க வேண்டுமா?

இன்னொரு தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். 2006-ல் லதா சிங் என்ற பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: பிள்ளையின் சாதி மறுப்புத் திருமணம் பிடிக்காத பெற்றோர் அதிகபட்சம் செய்யக்கூடியது அவர்களோடு உறவை முறித்துக்கொள்வது, மிரட்டவோ துன்புறுத்தவோ அவர்களுக்கு உரிமை கிடையாது. பேசாமல் இருக்கிற உரிமையை மட்டும் நீதிமன்றம் உங்களுக்கு விட்டுவைத்தது. நீங்களும் ஆறு வருடம் அதை முழுதாகப் பயன்படுத்தினீர்கள். அதே உரிமை உங்கள் மகளுக்கும் இருக்கிறது. அவள் அதைப் பயன்படுத்துவது இந்த இரண்டு வருடமாகத்தான்.

இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்கள் கடிதம் முழுக்க அவள் ஏன் வரவில்லை என்ற கேள்வியில்தான் நிற்கிறது. கல்மனசு என்று ஒரு பதிலையும் நீங்களே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பதிலோடு நீங்கள் எத்தனை தூது விட்டாலும் அவள் வரமாட்டாள். கல்மனசுக்காரி ‘அம்மா சீரியஸ்’ என்ற ஒரே ஒரு போனுக்குக் கோவையிலிருந்து ஓடி வருவாளா? வந்தாளே! உயிரோடு இருக்கிறவளுக்கு அஞ்சலி செலுத்திய குடும்பத்தை நம்பி, ஒரு வார்த்தை எதிர்க்கேள்வி கேட்காமல் வந்தாள். வந்த இடத்தில் என்ன கிடைத்தது? அண்ணனின் கூச்சல். அப்போது நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள், என்ன சொன்னீர்கள் என்பதை எனக்கு எழுதவில்லை. எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு அது தெரியும்.

குடும்பநல ஆலோசனையில் இப்படிப்பட்ட பெண்களின் பக்கத்தில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். வீட்டை நினைத்து அழாதவள் ஒருத்தியையும் பார்த்ததில்லை. ஆனால் பிறந்த வீட்டிலிருந்து ‘வாங்க, ஏத்துக்கிறோம்’ என்று தகவல் வந்தால் அவர்கள் முகத்தில் முதலில் தெரிவது சந்தோஷம் இல்லை, பயம். அந்தப் பயம் கற்பனை இல்லை ஐயா. 2022 ஜூனில் கும்பகோணம் பக்கத்தில் சோழபுரத்தில், விருந்துக்கு வாருங்கள் என்று அழைக்கப்பட்டு வந்த புதுமணத் தம்பதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கைதானவர்களில் ஒருவர் பெண்ணின் அண்ணன். நம் மாநிலத்தில் காதல் மணம் செய்த எந்தப் பெண்ணும் அந்தச் செய்தியைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டாள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் போட்டோவுக்கு மாலை போட்டு பஸ் ஸ்டாப்பில் வைத்த குடும்பம் இது. கூப்பிட்டு அனுப்பிய ஒரே தடவையும் பாதி பொய் சொல்லிக் கூப்பிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நிற்கிறாள், பக்கத்தில் கணவர். போனை எடுக்காமல் இருப்பது அவளுக்குத் தெரிந்த பாதுகாப்பு.

ஆக, இப்போது செய்ய வேண்டியது அவளை வரவழைப்பது அல்ல. நீங்கள் செய்ததை நீங்களே உங்கள் வாயால் சொல்வது. அவளிடமிருந்து எதையும் கேட்காமல்.

ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். பேனாவால், உங்கள் கையெழுத்தில். அந்தக் கையெழுத்தைப் பள்ளிக்கூட ரேங்க் கார்டில் பார்த்து வளர்ந்தவள் அவள். சாதாரண உறையில் போடுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் தபாலில் அனுப்பினால் வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து அவள் வயிறு கலங்கும்.

என்னவெல்லாம் எழுத வேண்டும் என்பதைவிட என்னவெல்லாம் எழுதக் கூடாது என்பது முக்கியம். எனக்கு எழுதியதுபோல ‘சில காரியங்கள் நடந்துவிட்டன’, ‘பேனர் வைக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள். பேனருக்குக் காசு கொடுத்தது யார்? அவளுடைய எந்தப் போட்டோவை எடுத்துக் கொடுத்தீர்கள்? ஊரார் பேச்சைக் கேட்டு என்று ஊரை இழுக்காதீர்கள். ஊர் கோவைக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ‘பெத்த வயிறு எரியாதா’, ‘நீ எங்கள் இடத்தில் இருந்து யோசி’, ‘உனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், நாளைக்குத் தெரியும்’ இவையெல்லாம் நம் வீடுகளில் மன்னிப்போடு சேர்ந்தே வருகிறவை. ஒன்றுகூட வேண்டாம். ‘ஆனால்’ என்று தொடங்கும் வாக்கியம் எதுவுமே வேண்டாம்.

அம்மாவின் உடல்நிலையை எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும், மறைப்பது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் தூண்டிலில் மாட்டிய புழுவாக அதை நீட்டக் கூடாது. ஏற்கெனவே ஒருமுறை நீட்டிவிட்டீர்கள். டாக்டர் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் இரண்டு வரியில் தனியாகக் கடைசியில் எழுதுங்கள்: எப்போதிலிருந்து டயாலிசிஸ், எந்த ஆஸ்பத்திரி, எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு. ‘வா’ என்று எழுத வேண்டாம். தகவல் அவளுக்குச் சொந்தமானது, முடிவும் அவளுடையது.

இனி, மருமகன். உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் வருகிறார், இரண்டிலும் ‘பையன்’தான். எட்டு வருடமாக உங்கள் மகளுக்குச் சோறும் துணையும் அந்த மனிதர்தான். ‘அந்தப் பையனையும் ஏற்றுக்கொள்கிறோம்’ என்று சொல்லி அனுப்பினீர்கள். அதை அவர் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? நீங்கள் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு ஏதோ சலுகை தருவதுபோல இல்லையா? ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் இப்போது அவர்கள், உங்களை. கடிதத்தில் அவர் பெயரை எழுதுங்கள். ‘மாப்பிள்ளை’ என்று எழுத உங்கள் கை ஒத்துழைக்காவிட்டால் பெயர் போதும். கை வராமல் பொய்யாக எழுதும் ‘மாப்பிள்ளை’யை அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படித் தொடங்குவேன். வார்த்தைகளை உங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவளை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அதையே போடுங்கள்.

“பாப்பா, அப்பா எழுதுகிறேன். நீ உயிரோடு இருக்கும்போது உனக்கு அஞ்சலி பேனர் வைத்தேன். பணம் கொடுத்தது நான். போட்டோ எடுத்துக் கொடுத்ததும் நான். பேப்பரில் போட்டதும் நான்தான். உனக்கு வளைகாப்பு யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பிரசவத்துக்கு நீ எங்கே இருந்தாய், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்றும் தெரியாது. குழந்தைக்குக் காது குத்தியாயா, யார் மடியில் வைத்துக் குத்தினீர்கள், தெரியாது. அதையெல்லாம் நான் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்கு நீ வந்த அன்று உன் அண்ணன் கத்தியபோது நான் தடுக்கவில்லை. நான் செய்தது தப்பு. நீ இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.”

இவ்வளவுதான். இதற்குமேல் அழகாக எழுத முயல வேண்டாம். வளைகாப்பையும் காதுகுத்தையும் நான் சும்மா சேர்க்கவில்லை. தாய்வீட்டுச் சீர் இல்லாமல் நடந்த ஒவ்வொரு விசேஷத்திலும் அவள் மாமியார் வீட்டார் முன்னால் தலை குனிந்து நின்றிருப்பாள். அல்லது அவர்களே தாய்வீடாகவும் இருந்து செய்திருப்பார்கள். இரண்டில் எது நடந்திருந்தாலும் அது உங்கள் இல்லாமையின் கணக்கு. பேனர் ஒரு வாரத்தில் கிழிந்திருக்கும். இந்தக் கணக்கு வருடாவருடம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் பில்லமர் இந்த முறிவுகளை ஆராய்ந்தவர். 1,300-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் அவர் கேட்டபோது 27 சதவீதம் பேர் ஏதாவது ஓர் உறவினரோடு தொடர்பு அற்றுப்போனவர்களாக இருந்தார்கள். மறுபடி சேர்ந்தவர்களிடம் அவர் கண்ட ஒரு விஷயம்: பழைய சம்பவங்களைத் தாங்கள் பார்க்கும் விதமாகவே மற்றவரும் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தை அவர்கள் விட்டிருந்தார்கள். சாதி அங்கே இல்லை. நம் கதை வேறு. ஆனாலும் இது உங்களுக்குப் பொருந்தும். ‘ஓடிப்போய் எங்கள் மானத்தை வாங்கினாள்’ என்று இன்றும் உங்கள் மனதின் ஓரத்தில் இருக்கலாம். அதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அதே சமயம், ‘பழசை விடு, புதுசாக ஆரம்பிப்போம்’ என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். பழசை விடலாம் என்று சொல்கிற உரிமை அடிபட்டவருக்கு மட்டும்தான்.

சொத்துப் பேச்சு இந்தக் கடிதத்தில் வரவே கூடாது. பங்கு தருகிறேன் என்றால் வருவாளா என்று கேட்டிருந்தீர்கள். ஒருவேளை வந்தால், ‘சொத்துக்காகத்தான் வந்தாள்’ என்று உங்கள் மகன் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். வராவிட்டால் நீங்கள் விலை பேசினீர்கள் என்பது மட்டும் மிஞ்சும். உயிலை மாற்ற நினைத்தால் மாற்றுங்கள், அவள் வந்தாலும் வராவிட்டாலும். அதை அவளுக்குச் செய்தியாக அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் செய்தது ஊர் பார்க்கச் செய்தது. கடிதம் மட்டும் உறைக்குள் ரகசியமாகப் போனால் பாதிதான் ஆகும். பதில் பேனர் வைக்கச் சொல்லவில்லை, அந்தக் கூத்து வேண்டாம். ஆனால் கல்யாண வீட்டிலோ டீக்கடையிலோ உங்கள் பங்காளிகள் ‘மக பேச்சு இருக்கா’ என்று கேட்கும்போது, ‘நான்தான் தப்புப் பண்ணிட்டேன், அவ இல்ல’ என்று சொல்ல முடியுமா பாருங்கள். கடிதம் எழுதுவதைவிட இது பத்து மடங்கு கஷ்டம், எனக்குத் தெரியும். யாரிடமும் ‘அவளிடம் போய்ச் சொல்லு’ என்று சொல்லாதீர்கள். நம் ஊர்களில் அது தானாகவே கோவை போய்ச் சேரும். உங்கள் தம்பி தூது போகிற வேலையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

மகனைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. அவரைக் கண்டு நீங்கள் கொஞ்சம் பயப்படுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். வயதான காலத்தில் கூட இருப்பவர் அவர், டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவரும் அவராக இருக்கலாம். எட்டு வருடத்துக்கு முன் வீட்டில் பெரியவர் எதைக் காட்டினாரோ அதைத்தான் அவர் கற்றுக்கொண்டார். அவரிடம் அனுமதி கேட்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள்: ‘உன் தங்கைக்கு எழுதியிருக்கிறேன். அவள் வந்தால் நீ அன்று அங்கே இருக்கக் கூடாது. நீ பேசினால் நான் உன் பக்கம் நிற்க மாட்டேன்.’ இதைச் சொல்ல உங்களால் முடியாது என்றால், தயவுசெய்து அவளைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். இரண்டாவது முறையும் அவள் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு பஸ் ஏறக் கூடாது. அவர் வெறும் கூச்சலோடு நிற்காமல் தங்கையையோ கணவரையோ மிரட்டியிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தால், அதையும் மறைக்காமல் கடிதத்தில் எழுதிவிடுங்கள். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும்.

சந்திப்பு என்று ஒன்று நடந்தால் வீட்டில் வேண்டாம். அவள் சொல்கிற இடம், அவள் சொல்கிற நேரம், அவள் அழைத்துவர விரும்புகிறவர்களோடு. பேத்தியை அழைத்து வராவிட்டால் ஏன் என்று கேட்காதீர்கள். டயாலிசிஸ் யூனிட் நல்ல இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுற்றிலும் ஆட்கள், நர்ஸுகள் இருப்பார்கள். ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் உங்கள் மனைவி படுத்திருப்பார். முடிந்த பிறகு களைத்துப்போய்விடுவார்கள் என்பதால் முதல் இரண்டு மணி நேரம் பேச ஏற்றது. நீங்கள் அவர்களைத் தனியே விட்டுவிட்டு வெளியே போய்விடுங்கள். அன்றைக்கு உங்கள் முறை இல்லை.

உங்கள் மனைவியிடம் ஒன்று கேட்க நினைப்பீர்கள்: இந்த எட்டு வருடத்தில் நீ அவளோடு பேசவே இல்லையா என்று. கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு போனிலோ, யாராவது சித்தி மூலமாகவோ அம்மாக்கள் ஒரு வழி வைத்திருப்பதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். பேத்திக்கு ஆறு வயது என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். அப்படி ஒரு வழி இருந்தால் அது அவர்கள் இரண்டு பேருடையது. நீங்கள் அதில் சவாரி செய்ய வேண்டாம்.

பதில் வராமலே போகலாம். அதற்கும் தயாராக இருங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் வாராவாரம் எழுதித் துரத்தாதீர்கள். பேத்தியின் பிறந்தநாள் தெரிந்தால் அதற்கு ஒரு வாழ்த்து அட்டை, பொங்கலுக்கு ஒரு வரி, அம்மாவின் சிகிச்சையில் பெரிய மாற்றம் வந்தால் ஒரு தகவல், அவ்வளவு போதும். அனுப்பியது திரும்பி வந்தால் நிறுத்திவிடுங்கள். முகவரி மட்டும் அவளிடம் இருக்கட்டும். உங்கள் மனைவியின் காலம் முடிவதற்குள் இது நடக்குமா என்றால், எனக்கு உறுதி சொல்ல முடியாது. அந்த அவசரம் நியாயமானதுதான். ஆனால் அந்த அவசரத்தை அவள் தலையில் வைத்தால் மறுபடியும் ‘அம்மா சீரியஸ்’தான்.

கடிதத்தை எழுதியதும் உடனே தபாலில் போட வேண்டாம். இரண்டு நாள் வைத்திருந்து திரும்பப் படியுங்கள். வேண்டுமானால் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள். ‘ஆனால்’ வருகிற இடங்களை எல்லாம் அடித்துத் திருப்பி அனுப்புகிறேன்.